தட்டுமணி

இரவு ஒன்பதரை மணிக்கு என் தலைக்கு நேர் மேலே ஒரு குதிகால் இறங்கும். தொம். சற்று இடைவெளி. தொம், தொம். பிறகு பலகையில் விரல் முட்டி படுகிற டொக். எவர்சில்வரில் கரண்டி படுகிற ணங். முதல் வாரம், மாடி வீட்டில் தச்சு வேலை நடக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் கணவன் மனைவி சண்டையோ என்று சந்தேகப்பட்டு சன்னல் பக்கம் போய் நின்றேன். அக்கறைதான், வேறென்ன. மூன்றாம் வாரம் படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. நான் தட்டத் தட்ட உள்ளே இன்னும் உற்சாகமாகத் தட்டல் கேட்டது. அந்த வீட்டில் கதவைத் தட்டுவது அழைப்பு ஆகாது, பக்கவாத்தியம் ஆகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாலாம் முறை அவர் மனைவி திறந்தார். “உள்ளதான் இருக்காரு, போய்ப் பாருங்க சார்” என்றார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்களிடம் சொல்வார்களே, அந்தக் குரலில்.

உள்ளே லுங்கியும் பனியனுமாக ஒரு மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது தாண்டியவர். காதில் இயர்போன். எதிரே சாப்பாட்டு மேசை. மேசைமேல் செல்பேசி. அதைச் சுற்றி ஒரு டம்ளர், அஞ்சறைப் பெட்டியின் மூடி, தாம்பாளம், ஒரு மரக் கரண்டி. படையலுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் வந்த காரியத்தைக்கூடக் கேட்கவில்லை. இயர்போனைக் கழற்றி என் காதில் செருகிவிட்டு, “இப்பக் கேளுங்க” என்றார்.

பொய் சொல்லக் கூடாது, மிரண்டுபோனேன். அவர் மேசையைத் தட்டினால் ஸ்னேர் டிரம் அதிர்ந்தது. டம்ளரைத் தட்டினால் பெரிய சிம்பல் ஒன்று மழை மாதிரிச் சிதறியது. குதிகாலை ஊன்றினால் பேஸ் டிரம் நெஞ்சில் வந்து இடித்தது. ஒரு முழு மேடை என் காதுக்குள் எழுந்து நின்றது. இயர்போனைக் கழற்றினேன். டொக், டொக், ணங். மாட்டினேன். கச்சேரி. கழற்றினேன். தச்சுப் பட்டறை.

விஷயம் இவ்வளவுதான். அவர் கேட்பது ஒன்று, ஊர் கேட்பது ஒன்று.

அந்தச் செயலியின் வேலையை அவரே எனக்கு விளக்கினார். கேட்காமலே விளக்குவார். முதலில் போனுக்குப் பாடம் எடுக்க வேண்டும். மேசையை நாலைந்து முறை தட்டி, இதுதான் ஸ்னேர் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். டம்ளரைத் தட்டி, இது சிம்பல். போன் தன் மைக் வழியாக வருகிற ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்துகொண்டே இருக்கும். சத்தம் சட்டென்று எகிறுகிற இடத்தைப் பிடிக்கும். அதில் அடித்தொண்டை அதிகமா, கீச்சு அதிகமா என்று பார்த்து, சொல்லிக்கொடுத்த பாடத்தோடு ஒப்பிட்டு, எந்த டிரம் என்று முடிவு செய்து அதன் ஒலியை எடுத்துக் காதில் ஊட்டும். நாம் போனில் பேசும்போது பின்னால் கேட்கும் டொக் டொக்கைச் சல்லடை போட்டுக் களைவதற்கு எத்தனையோ பொறியாளர்கள் பாடுபடுகிறார்கள். இவருக்கு அந்தச் சல்லடையில் நின்ற கப்பிதான் வேண்டும்.

“அந்தச் சத்தத்தை வெளியே ஸ்பீக்கரில் விட்டால் எங்களுக்கும் கேட்குமே, தச்சன் என்று நினைக்க மாட்டோமே” என்றேன். அதற்கு வழியில்லையாம். ஸ்பீக்கரில் வருகிற டிரம் ஒலியை மைக் மறுபடி கேட்டுவிடும். இன்னொரு தட்டு விழுந்ததாக எண்ணி இன்னொரு டிரம்மை அடிக்கும். அதையும் கேட்கும். தன் எதிரொலிக்குத் தானே குரைக்கிற நாய் மாதிரி விடிய விடிய அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே இசை அவருக்கு, இடி எனக்கு.

தட்டுமணி என்பது நாங்கள் வைத்த பெயர். லய உலகில் மணிகளுக்கு ஒரு ராசி உண்டு: பாலக்காடு மணி ஐயர், காரைக்குடி மணி, டிரம்ஸ் சிவமணி. அந்த வரிசையில் தனக்கும் ஓர் இடம் கிடைத்ததாக அவர் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். சிவமணி மட்டும் பெட்டி, வாளி, தண்ணீர் கேன் என்று கிடைத்ததை எல்லாம் மேடையில் வாசிக்கவில்லையா என்பது அவருடைய நிரந்தர வாதம். சிவமணிக்கு எதிரில் ஆயிரம் பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள், உமக்குக் கீழே நான் ஒருவன் படுத்துக் கேட்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பாலக்காடு மணி ஐயரோ கச்சேரி மேடையில் மைக்கே ஆகாது என்று பிடிவாதம் பிடித்தவர். இதை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். தட்டுமணி கொஞ்ச நேரம் யோசித்தார். “அவர்கிட்ட மிருதங்கம் இருந்துச்சு சார். என்கிட்ட மைக்தானே இருக்கு” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

போன் வந்துதான் இந்த இனம் பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசி பெஞ்சில் கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் தொடையில் தாளம் போட்டவன் யார்? பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டியே கல்லூரி வரைக்கும் கானா பாடிக்கொண்டு போனவர்கள் யார்? கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில், டிபன் பாக்ஸைத் திருப்பிப் போட்டுப் பஜனைக்குத் தாளம் தட்டியவர் யார்? எல்லோரும் தட்டுமணிகளே. அவர்களுக்கும் உள்ளுக்குள்ளே முழு வாத்தியமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அடுத்தவருக்குத்தான் கேட்கவில்லை. இப்போது கையில் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லப் போனால் தட்டிப் பார்ப்பது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் வாங்கினால் வீட்டில் திட்டு விழும். பலாப்பழத்தைத் தட்டுவோம், பானையைத் தட்டுவோம், புது வீட்டுத் தரையில் பதித்த டைல்ஸைத் தட்டி உள்ளே கலவை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்போம். எல்லாரும் நல்லதா கெட்டதா என்று அறியத் தட்டுகிறார்கள். தட்டுமணிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அழுகின தேங்காய் நல்ல டாம் டிரம் ஆகுமென்றால் அதைத்தான் வாங்கி வருவார்.

சாப்பாட்டு மேசை வாங்கிய கதையை அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார். மரச்சாமான் கடையில் ஒவ்வொரு மேசையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, இரண்டு மணி நேரம் சுற்றினாராம். மரத்தைப் பற்றித் தெரிந்த ஆள் என்று பயந்து கடைக்காரர் தேக்கின் விலையைத் தானாகவே குறைத்தார். தட்டுமணி தேக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த பிளைவுட் மேசையைக் காட்டி, “இதுதான் பேசுது” என்றார். தேக்கு கனம், அடித்தால் சத்தத்தை விழுங்கிவிடும். மெல்லிய பிளைவுட் நன்றாக அதிரும். அந்த அதிர்வில்தான் மைக்குக்கு வேண்டிய தீனி. இதெல்லாம் தெரியாத அந்த அம்மாவுக்கு, ஒரு கால் ஆடுகிற மேசையில் ஏழு வருஷமாக ரசம் தளும்பிக்கொண்டிருக்கிறது.

மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், அப்போதுதான் அந்தத் தொப்பிக்குக் கனத்த நாதம் வரும். இதை எங்கேயோ கேள்விப்பட்டு, ஒருநாள் மேசைக்கு அடியில் இட்லி மாவை அப்பிப் பார்த்திருக்கிறார். நாதம் வரவில்லை. எறும்பு வந்தது.

சளிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்திலும் இதே கதை. டாக்டர் நெஞ்சில் விரலை வைத்து மற்ற விரலால் தட்டிப் பார்த்தபோது இவர், “இடது பக்கம் கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கில்ல டாக்டர்?” என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லையாம். சிரித்திருக்கலாம். 1761இல் இந்த நெஞ்சு தட்டும் முறையைப் புத்தகமாக எழுதிய ஆவன்பிரக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி ஒயின் எவ்வளவு மிச்சம் என்று அப்பா பார்ப்பதைக் கண்டுதான் அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். தட்டுமணிக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடாதீர்கள், அடுத்த முறை டாக்டரோடு சேர்ந்து வாசிப்பார்.

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு எதிரி உண்டு. அதன் பெயர் தாமதம். விரல் பட்ட கணத்துக்கும் காதில் ஒலி விழும் கணத்துக்கும் நடுவில் நொடியில் நூறில் ஒரு பங்கு போனால் பரவாயில்லை, காது மன்னித்துவிடும். நல்ல போன், கம்பி இயர்போன் என்றால் கிட்டத்தட்ட அந்த அளவில் சமாளிக்கலாம். ஆனால் பிறந்தநாளுக்கு மகள் ஆசையாக ஒரு ப்ளூடூத் இயர்போன் வாங்கிக் கொடுத்தாள். ப்ளூடூத்தில் ஒலி போய்ச் சேர நொடியில் ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். நொடிக்கு ஒரு அட்சரம் வைத்து மேல்காலத்தில் ‘தகதிமி தகஜொணு’ என்று எட்டுத் தட்டினால், ‘க’ தட்டி முடித்த பிறகுதான் ‘த’ காதுக்கு வரும். வாசிக்கிறவரும் கேட்கிறவரும் ஒரே ஆள், ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு ஊரில் இருக்கிற மாதிரி. அன்று மாலை மனிதர் சாப்பிடவில்லை. 2016இல் ஐபோனில் இயர்போன் ஓட்டையை அடைத்தார்களே, அன்றிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாக அடைத்துக்கொண்டு வருகிறது. அதை அவர் தன்மேல் தனிப்பட்ட முறையில் தொடுக்கப்பட்ட வழக்காகவே கருதுகிறார். ஓட்டை உள்ள பழைய போன் ஒன்றும், மூன்று இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிய கம்பி இயர்போனும் பீரோவில் நகையோடு இருக்கின்றன.

வீடோ சமரசத்துக்கு வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தால் போன் அதைச் சிம்பல் என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே இரவுச் சமையலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுவரில் பல்லி கத்தினால் ஹை-ஹாட் விழும். ஊரில் பல்லி சொன்னால் பலன் பார்ப்பார்கள், இவர் தாளத்தில் சொன்னதா என்று பார்ப்பார்.

இப்படியே போயிருக்கும். சிலிண்டர்தான் கெடுத்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அந்த அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருந்த மாமனாரும் மகளோடு போயிருந்தார். வாலிபத்தில் நாலைந்து வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டு, வேலை கிடைத்ததும் விட்டவர். மருமகனின் மேசைக் கச்சேரியைப் பற்றி அவர் அதுவரை வாய் திறந்ததே இல்லை. வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று ஹிந்து பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். வீடு காலி. தட்டுமணிக்கு விடுதலை. இயர்போனை மாட்டி, பதிவு செய்யும் பொத்தானையும் அழுத்தி ஆரம்பித்துவிட்டார்.

அழைப்பு மணி ரிப்பேர். சிலிண்டர் கொண்டுவந்த தம்பி கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டினார். நானும் கீழிருந்து கேட்டேன். டங், டங், டங். நிறுத்தி, மறுபடி டங், டங். பத்து நிமிஷம் தட்டிவிட்டு, மூன்று மாடி ஏற்றின சிலிண்டரைத் தோளில் தூக்கி மூன்று மாடி இறக்கிக்கொண்டு போனார். போகும்போது அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் பழைய சிலிண்டர் தீர்ந்தது. விஷயம் வெளியே வந்தது. “வீட்லதானேங்க இருந்தீங்க?” என்று அந்த அம்மா கேட்டது எனக்கே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் கேட்டார் போலிருக்கிறது. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் போனபோது தட்டுமணி குனிந்த தலையோடு, “யாரும் வரலை, வேணும்னா ரெக்கார்டிங்கைக் கேளுங்க” என்று போனை நீட்டிக்கொண்டிருந்தார். தன் காலில் தானே கோடாலி போடுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். இயர்போனை வாங்கி இரண்டு காதிலும் பொருத்திக்கொண்டார். கண்ணை மூடினார். முதல் ஐந்து நிமிஷம் முகத்தில் ஒன்றுமே இல்லை. பல்வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். திடீரென்று புருவம் ஏறியது. வலது கை தொடைமேல் ஆதி தாளம் போட ஆரம்பித்தது. தட்டுமணியின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவருக்கு இப்படி ஒரு ரசிகர் வாய்த்ததில்லை.

“மாப்ளே” என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே. “உங்க கை ஓடுது. பிடிச்சு நிறுத்தணும். ஆனா நடுவுல இந்தச் சிம்பல் வாசிக்கிறாரே, அது யாரு? ஒரு அடி முன்னப் பின்ன இல்லே. விட்டு விட்டு எடுக்கிற இடமெல்லாம் எவ்வளவு சுத்தமா இருக்கு!”

“அதுவாப்பா?” என்றார் மகள். “அவரைத்தான் உங்க மாப்பிள்ளை திருப்பி அனுப்பிட்டாரு.”

மாமனார் இயர்போனைக் கழற்றவில்லை. கையை மட்டும் உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். பதிவு முடிகிற வரைக்கும் கேட்டார். பிறகு மகளைப் பார்த்து, “அவர் திரும்ப வருவாராம்மா?” என்றார். “வந்தா உடனே கதவைத் திறந்துடாதே.”