சமையலறையிலிருந்து சர்வகலாசாலைக்கு

கேள்வி: பித்தளைப் பாத்திரம் துலக்கப் புளியைவிடச் சிறந்த வஸ்து உண்டா?
— குடும்பத் தலைவி, மாயவரம்

பதில்: புளி வீட்டில் இருக்கும்போது அதைத் தேடுவானேன், அம்மணி? காற்றும் ஈரமும் சேர்ந்து பித்தளையின்மேல் படியவைத்த கறுப்பைப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அடியிலுள்ள உலோகம் பளிச்சென்று வெளிப்படுகிறது. ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையும் ஒரு கை கல் உப்புமே இதற்குப் போதும் என்பதும், டப்பாவில் அடைத்து விற்கும் எந்தத் தூளுக்கும் இந்தப் பெருமை கிடையாது என்பதும் என் திடமான அபிப்பிராயம். ஆனால், வெளியே கறுப்பை எடுக்கும் அதே குணம் உள்ளே செம்பையும் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். ஆகையால்தான் நம் முன்னோர் வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு கொதிக்கவிட்டதில்லை. வெளியே உபகாரியும் உள்ளே அபகாரியுமாக இருக்கும் ஒரே புளியின் சுபாவத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்களுக்கே எந்தப் பொருளும் புதிய வேலை செய்யச் சம்மதிக்கும்.

கேள்வி: கம்பி உடைந்த குடையை வைத்து என்ன செய்யலாம்?
— வாசகர், திருச்சி

பதில்: குடை ரிப்பேர் செய்பவர் இன்னும் தெருவில் வருகிறார், அவரைக் கூப்பிடலாம்.

கேள்வி: சமையலறைப் பொருள் எதுவும் விஞ்ஞானத்துக்கு உதவியதில்லை என்று என் அண்ணன் சாதிக்கிறான். அவன் வாயை அடைக்க ஒரு சான்று தருவீர்களா?
— கல்லூரி மாணவி, சிதம்பரம்

பதில்: இரண்டு தருகிறேன், இரண்டையும் அளித்தவர்கள் பெண்கள் என்பதை அண்ணன் காதில் உரக்கச் சொல்லம்மா. 1881-ஆம் ஆண்டில் பெர்லினில் ராபர்ட் கோக் என்னும் மேதையின் ஆராய்ச்சிச் சாலையில், கிருமிகளை இனம் பிரித்து வளர்ப்பதற்குக் கெட்டியான தளம் ஒன்று கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஜெலட்டினை உபயோகித்தால் உடல் வெப்பத்திலேயே அது உருகி ஓடிற்று. உருகாத வேளையிலோ சில கிருமிகள் அதைச் சீரணித்து நீராக்கிவிட்டன. அங்கே பணி செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் வீட்டில் மட்டும், கோடையின் உக்கிரத்திலும் அவருடைய மனைவி ஃபான்னி செய்த ஜெல்லி கட்டுக்குலையாமல் கிண்ணத்தில் நின்றது. அதன் ரகசியத்தைக் கணவர் கேட்க, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒருவரிடம் தாம் இளமையில் கற்றுக்கொண்ட அகரையே அதில் சேர்ப்பதாக அந்த அம்மாள் சொன்னார். நம் மளிகைக் கடையில் கடற்பாசி என்று கேட்டால் காகிதத்தில் சுற்றித் தருகிறார்களே, அதே சரக்குதான்! கொதிநிலையை நெருங்கினால்தான் அது உருகும். ஆறி ஒருமுறை உறைந்துவிட்டால், கிருமிகள் செழித்து வளரும் 37 டிகிரி வெப்பத்தில் நாள்கணக்காக வைத்தாலும் அசையாது. இன்று உலகத்தில் கிருமி வளர்க்கும் ஆஸ்பத்திரிகள் அனைத்தும் அந்தச் சமையற் குறிப்பைத்தான் பின்பற்றுகின்றன. க்ஷயரோகக் கிருமியைக் கண்டதாக 1882-இல் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகர் இடம் பெற்றது. ஃபான்னியின் பெயர் இடம் பெறவில்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்குகிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி அகர்ப்பாசி பறிக்கும் ராமநாதபுரத்து மீனவப் பெண்களையும் இவ்விடத்தில் நான் வணங்குகிறேன்.

இரண்டாமவர் ஆக்னஸ் பாக்கல்ஸ். பெண்களுக்குச் சர்வகலாசாலையின் கதவு திறவாத காலத்தில், ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் நோயாளிப் பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் பிசுக்குப் பரவும் விதத்தைக் கவனித்துவந்தவர். ஒரு தகரத் தொட்டியை விளிம்புவரை நீரால் நிரப்பி, குறுக்கே வைத்த தகரப் பட்டையை நகர்த்தி நீர்ப்பரப்பைச் சுருக்கியும் விரித்தும், அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு பொத்தானைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டியிருக்கிறது என்று தராசில் நிறுத்து, ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். 1891-இல் அதையெல்லாம் ஆங்கிலப் பௌதிக மேதை ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அந்தப் பெருந்தகை தம் மனைவியைக் கொண்டு அதை மொழிபெயர்க்கச் செய்து, 'நேச்சர்' பத்திரிகையில் அந்த அம்மையாரின் பெயராலேயே வெளியிடச் செய்தார். அந்தத் தொட்டியின் வம்சத்தில் வந்த கருவியைக் கொண்டு நீர்ப்பரப்பை ஆராய்ந்த அமெரிக்க ரசாயன அறிஞர் லாங்முயர் 1932-இல் நோபல் பரிசு பெற்றார். அண்ணன் இனி வாய் திறந்தால் பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டு, திறவாவிட்டாலும் காட்டு.

கேள்வி: ஹார்லிக்ஸ் பாட்டில் காலியானால் அதில் எதைப் போட்டு வைக்கலாம்?
— வாசகி, வேலூர்

பதில்: துவரம்பருப்பு. தமிழ்நாட்டு அலமாரியில் அந்தப் பாட்டிலின் ஆயுட்காலத்தில் ஹார்லிக்ஸ் குடியிருப்பது முதல் மாதம் மட்டும்தானே!

கேள்வி: என் பாட்டி குடிநீரைப் பழைய புடவைத் துணியில் வடிகட்டியே குடத்தில் ஊற்றுவாள், அதனால் வாந்திபேதி அண்டாது என்பாள். இது மெய்யா, மூடநம்பிக்கையா?
— ஆசிரியர், நாகப்பட்டினம்

பதில்: பெரும்பகுதி மெய், ஐயா, எந்த அளவுக்கு மெய் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியது என் கடமை. காலராக் கிருமி தன்னந்தனியாக இருந்தால் எந்தத் துணிக்கும் அகப்படாது. ஆனால் குளத்திலும் ஆற்றிலும் அது பெரும்பாலும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளித் திரியும் இறால் இனத்து நுண்பிராணிகளின் உடலை ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அந்தப் பிராணியைத் தடுத்தால், அதன்மேல் ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான கிருமிகளும் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. ரீட்டா கோல்வெல் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் பங்களாதேஷில் மத்லப் பிரதேசத்தின் 65 கிராமங்களில், ஏறத்தாழ 1,33,000 ஜனங்களிடையே இதைப் பரீட்சித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள்: புடவைத் துணியால் வடிகட்டிக் குடித்த வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. துணியைக் குறைந்தது நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்ட வேண்டும். வடித்து முடிந்ததும் வடிகட்டிய நீரிலேயே அலசி வெயிலில் உலர்த்த வேண்டும்.

இதில் என் மனத்தைக் கவர்ந்த சூக்ஷ்மம் என்னவென்றால், புதுப் புடவையைவிடப் பழைய புடவையே இந்த வேலைக்கு உத்தமம். பல தடவை துவைத்து நைந்த பருத்தி நூல் பஞ்சு பிரிந்து இழைகளுக்கிடையே உள்ள துவாரங்களை அடைத்துவிடுவதால், நான்கு மடிப்பில் அவை மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குறுகிவிடுகின்றன. உடுத்திய காலத்தில் கிடைக்காத ஒரு சாமர்த்தியம் நைந்தபின் அந்தத் துணிக்குக் கைவருகிறது! ஆயினும் விறகோ எரிவாயுவோ இருக்கும் வீட்டில் வடிகட்டிய நீரைக் கொதிக்கவும் வைக்க வேண்டும். துணிக்குத் தப்பும் கிருமிகள் பல உண்டு. கொதிக்கவைக்க வழியில்லாத வெள்ளக் காலத்தில், பாட்டியின் புடவையே உயிர் காக்கும்.

கேள்வி: மேற்படி காரியத்துக்கு நைலான் உதவாதா?
— அதே ஆசிரியர், அதே கடிதம்

பதில்: உதவும். அதே ஆய்வில் நைலான் வலையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. அதை மறைப்பது அதர்மம். ஆனால் வாங்கினால்தான் வலை. புடவையோ கொடியில் தொங்குகிறது. இவை இரண்டும் ஒருபுறம் இருக்க, தூளி கட்டவும், விளக்குத் திரி முறுக்கவும், வடகம் காயவைக்கவும், பிறந்த சிசுவைத் துடைத்தெடுக்கவும் ஆகிற துணி உலகத்தில் பழம் பருத்தி ஒன்றுதான் என்பதில் எனக்குள்ள பக்தி பரீட்சைகளால் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

கேள்வி: வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கணவருக்கு ஏதேனும் புதிய உபயோகம் சொல்லுங்களேன்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தேங்காய் துருவக் கொடுங்கள். மூடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கொட்டாங்கச்சி அடுப்பெரிக்கத் தவிர வேறு எதற்காகும்?
— விவசாயி, பொள்ளாச்சி

பதில்: காம்பு செருகினால் அகப்பை, கரியாக்கினால் இஸ்திரிப் பெட்டிக்கு நெருப்பு, அந்தக் கரியையே மிகுந்த வெப்பத்தில் நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தினால், எண்ணற்ற நுண்துவாரங்களால் விஷவாயுவைப் பிடித்துவைக்கும் கவசம். முதல் மகா யுத்தத்தின்போது முகமூடிகளுக்குக் கரி போதாமல், பழக்கொட்டைகளையும் ஓடுகளையும் எறியாமல் சேர்த்துத் தரும்படி அமெரிக்காவில் வீடு வீடாக வேண்டினார்கள். தேங்காய் ஓட்டுக் கரிக்கு அதில் முதல் மரியாதை. இன்று குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியினுள்ளே கறுப்பாக இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இந்த ஜாதிக் கரிதான். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத காங்கேயத்திலேயே அதைத் தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. கையில் ஓட்டை வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓட்டை டின், அறுந்த ஒயர், உடைந்த அலமாரிக் கட்டை என்று எதையும் எறியவிடாமல் பரணில் அடைக்கிறார். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்.
— வாசகி, மதுரை

பதில்: அவருக்கு என் ஆசீர்வாதத்தை முதலில் சொல்லிவிடுங்கள், தாயே! ஹாலந்து தேசத்தில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர் என்ன செய்தார் தெரியுமா? இறைச்சிக் கடையில் மாமிசத்தை அடைத்து விற்கும் செல்லோஃபேன் உறை இருக்கிறதல்லவா, அதில் கொஞ்சம் ரத்தத்தையும் யூரியாவையும் இட்டு, உப்புநீரில் அமிழ்த்தி ஆட்டிப் பார்த்தார். சிறிது நேரத்துக்குள் யூரியா உறையைக் கடந்து நீரில் இறங்கிவிட்டது. ரத்த அணுக்களோ உள்ளேயே தங்கின. பிறகு 1943-இல், நாஜிகளின் ஆக்கிரமிப்பால் ஒரு சாமானும் கிடைக்காத நாளில், காம்பன் என்னும் சிற்றூர் ஆஸ்பத்திரியில், மீட்டர் கணக்கில் அந்த உறையை ஓர் உருளையில் சுற்றி, எனாமல் தொட்டியிலுள்ள உப்புநீரில் அந்த உருளை சுழலுமாறு அமைத்து, ஃபோர்டு காரின் நீர் பம்பிலிருந்து இணைப்பின் சூத்திரத்தைக் கடன் வாங்கி, நடைமுறைக்கு உதவிய முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் சமைத்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை, அவர் விடவில்லை. 1945-இல் நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் அந்த இயந்திரத்தால் கண் விழித்தார். இன்று வாரந்தோறும் டயாலிஸிஸ் செய்துகொண்டு உயிர் வாழ்பவர்கள் யாவரும் அந்த இறைச்சிக் கடைக்குக் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் கேளுங்கள்: 1940-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நார்மன் ஹீட்லி என்னும் ஆராய்ச்சியாளர், பெனிசிலின் பூஞ்சை பரந்த மேற்பரப்பும் குறைந்த ஆழமும் உள்ள கலத்தில்தான் நன்றாக வளரும் என்று கண்டு, அதற்கேற்ற கலம் தேடி அலைந்து, கடைசியில் நோயாளிகளின் படுக்கை மலக்கலங்களை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்து அவற்றில் வளர்த்தார். மருந்தைப் பிரித்தெடுக்க அவர் அமைத்த யந்திரத்தைத் தாங்கி நின்றது, பாட்லியன் நூல்நிலையம் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பழைய புத்தக அலமாரி! உங்கள் பரணில் அலமாரிக் கட்டை இருக்கிறது என்றா அலுத்துக்கொள்கிறீர்கள்? ஒன்று மட்டும் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வருஷத்துக்கு இரண்டு தரம் பரணில் உள்ளவற்றைத் தாமே இறக்கிவைத்துத் துடைத்து, இன்ன பொருள் இன்ன இடத்தில் என்று எழுதிவைக்க வேண்டும். இருப்பது தெரியாத பொருள் எந்த வேலைக்கும் வராது.

கேள்வி: பழைய செய்தித்தாள்?
— வாசகர், சேலம்

பதில்: படித்தாயிற்றா?

கேள்வி: தீக்காயத்தில் பற்பசை தடவினால் உடனே குளிர்ச்சி என்று அக்கம்பக்கத்தார் சொல்லுகிறார்கள். இதுவும் ஒரு புதிய உபயோகம்தானே?
— இளந்தாய், தஞ்சாவூர்

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. பற்பசையின் குளிர்ச்சி நாவுக்கும் தோலுக்கும் தெரிகிற ஓர் உணர்ச்சியே தவிர, சுட்ட இடத்தின் உஷ்ணத்தை அது இறக்குவதில்லை. மாவு, மை, காப்பித்தூள், வெண்ணெய் இவையும் அப்படித்தான். புண்ணில் அழுக்கைச் சேர்த்து, வைத்தியர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவொட்டாமல் மறைத்தும் விடுகின்றன. குழந்தை சுட்டுக்கொண்டால் அந்தக் கணமே குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காயத்தைக் காட்டுங்கள். பனிக்கட்டி கூடாது. வீக்கம் ஏறுமுன் வளையல், மோதிரம், அரைஞாண் முதலியவற்றைக் கழற்றிவிடுங்கள். துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பிறகு, துவைத்து உலர்ந்த மெல்லிய துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அடுப்படியில் வேறு மருந்து எதையும் தேடிக் காலத்தைப் போக்கவேண்டாம். தண்ணீர் இருக்கிறது, அது போதும்.

கேள்வி: வெள்ளிப் பஞ்சபாத்திரம் கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்த்துக் கை ஓய்ந்தது. சுலப வழி உண்டா?
— ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஸ்ரீரங்கம்

பதில்: உண்டு, சப்பாத்தி சுற்றிவந்த அலுமினியத் தாளை எறிந்துவிட்டீர்களா? அகலமான பாத்திரத்தில் அதைப் பரப்பி, மேலே பஞ்சபாத்திரத்தைத் தாளில் படுமாறு வைத்து, இரண்டு கரண்டி ஆப்ப சோடாவைப் போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். வெள்ளியைக் கறுக்கவைத்தது காற்றிலிருந்து அது பற்றிக்கொண்ட கந்தகம். அலுமினியம் அந்தக் கந்தகத்தை வெள்ளியிடமிருந்து பறித்துக்கொள்வதால், தேய்மானமின்றி வெள்ளி வெள்ளியாகவே திரும்புகிறது. விபூதியில் தேய்க்கும்போது கறுப்போடு ஒரு துளி வெள்ளியும் போகிறது என்பதைச் சிக்கனம் அறிந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழுகிய முட்டையின் நாற்றம் லேசாக எழும். கதவைத் திறந்து வையுங்கள். முத்தும் கல்லும் பதித்த நகையை மட்டும் அந்த வெந்நீரில் போடாதீர்கள்.