ரெட்டைக்குழல் மேஸ்திரி

துப்பாக்கிப் பட்டறை என்றதும் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவரை எதிர்பார்த்துத்தான் 1996-இல் எடுபிடியாகச் சேர்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்து. உள்ளே மூக்கு நுனியில் கண்ணாடியோடு, பல் டாக்டர் மாதிரி ஒருவர் குழலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொத்தை" என்றார்.

யார் வந்தாலும் முதலில் லைசென்ஸ் புத்தகம். அதிலுள்ள நம்பரையும் துப்பாக்கியில் வெட்டிய நம்பரையும் ஜாதகப் பொருத்தம்போல ஒத்துப் பார்த்து, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் கை வைப்பார். வருகிறவர்களில் முக்கால்வாசி படப்பைப் பக்கத்துப் பழைய பண்ணைக்காரர்கள். எல்லோருடைய தாத்தாவும் ஒரு சிறுத்தையைச் சுட்டிருந்தார். மேஸ்திரி மறுக்கமாட்டார். ரெட்டைக்குழலை மடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொல்வார். ஒழுங்காக எண்ணெய் கண்ட குழலுக்குள் வெளிச்சம் கண்ணாடி வளையல் அடுக்கினாற்போல வளையம் வளையமாகப் போகும். தாத்தா குழலில் அம்மைத் தழும்பு. ஆள் போனதும், "சிறுத்தை பொழைச்சிருக்கும் தம்பி" என்பார்.

ஒருமுறை பேங்க் காவலாளி ஒருவரின் துப்பாக்கியில் விட்ட கம்பி பாதியில் நின்றது. கவிழ்த்துத் தட்டினால் பொலபொலவென்று மண். குளவிக்கூடு! "மேனேஜருக்குத் தெரிய வேணாம் மேஸ்திரி" என்று அவர் கெஞ்ச, "தெரிஞ்சா என்ன? இத்தனை நாளா பேங்கைக் காவல் காத்தது அதுதானே, அதுக்குச் சம்பளம் கேக்கலாம்" என்றார் இவர்.

மெரினா பலூன்காரர்கள் ஏர்கன்னைச் சாக்கில் சுற்றி எலெக்ட்ரிக் டிரெயினில் கொண்டுவருவார்கள். தோல் வாஷர் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மேஸ்திரி எல்லாவற்றையும் மாற்றி, குறியையும் நேராக்கிக் கொடுத்துவிடுவார். மறுநாளே ஒருவர் ஓடிவந்தார்: "என்னாண்ணே இது, பொடிப்பசங்க சுட்டாக்கூட பலூன் வெடிக்குது! கட்டுப்படி ஆவுமா?" பழையபடி கோணலாக்கித் தர மேஸ்திரி கடைசிவரை சம்மதிக்கவில்லை. "கோணலாக்க நான் எதுக்கு? கீழே போட்டு மிதி."

இவ்வளவு சுத்தக்காரருக்குச் சோறு போட்டது என்னவோ தேர்தல்தான். தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது, நம் கடலோரக் காற்றின் புண்ணியத்தில் பூரித்துப்போய், பழுப்பாக வரும். பட்டறை வாசலில் வரிசை நிற்கும். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தலை நம்பி எந்தக் குடும்பம் நடக்கும்? டெல்லி அவரைக் கைவிடவில்லை. 1996, 1998 என்று மக்களவைத் தேர்தல் அடுத்தடுத்து வந்தது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் முகம் மாறாதவர், நிலையான ஆட்சி என்று பேப்பரில் போட்டால் மட்டும் அன்றைக்கு எரிந்து விழுவார்.

1999 ஏப்ரல் 17. வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்ததாக டீக்கடைப் பையன் வந்து சொன்னான். டீக்கடையில் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரே காசு கொடுத்து எல்லோருக்கும் டீ சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, மிஷின் ஆயில் ரெண்டு லிட்டர் வாங்கி வெச்சுடு. உப்புத்தாளும்."