பிரேக்குல யாரு காலு?

ஏம்மணி, காரு ஓட்டப் பழகோணும், பயமாவும் இருக்குது, காசும் எச்சா ஆகப்படாதுன்னு ஒரே மூச்சுல மூணையும் சொல்லிப்போட்டே. ஒரு காப்பிக்கு எரநூறு ரூபா குடுத்துப்போட்டு மீதியக்கூட எண்ணாம வர்ற புள்ள, டிரைவிங் ஸ்கூல்காரன்கிட்ட மட்டும் ஐந்நூறுக்கு நின்னு மல்லுக்கட்டறே. கட்டு, வேண்டாங்கல. எதைக் கொறைக்கோணும்னு தெரிஞ்சு கட்டு.

மொதல்ல கவருமெண்டு காசு எவ்வளவுன்னு பாத்துக்க. எல்.எல்.ஆருக்கு 150, அந்தப் பரீட்சைக்கு 50, ஓட்டிக் காட்டறதுக்கு 300, லைசென்ஸுக்கு 200. மத்திய மோட்டார் வாகன விதியில போட்டிருக்கற கணக்கு, ஆக மொத்தம் 700. மேக்கொண்டு ஏதாச்சும் சேவைக் கட்டணம் கொஞ்சம் வரும். 'லைசென்ஸோட சேத்து பேக்கேஜுங்க'ன்னு ஆயிரமாயிரமாக் கேக்கறவன்கிட்ட, மீதி எதுக்குங்ணான்னு அப்புராணியாட்டக் கேட்டுப்பாரு. 'ஆபீஸ் செலவு இருக்குதுங்க மேடம்'பான். அந்தச் செலவுக்கு மட்டும் இன்னும் எந்த பிரஸ்லயும் ரசீதுப் பொஸ்தகம் அடிக்கல. பழக்கறதுக்கு எவ்வளவு, லைசென்ஸுக்கு எவ்வளவுன்னு தனித்தனியாச் சொல்லச் சொல்லு. மென்னு முழுங்குனான்னா ஒரு கும்புடு போட்டுட்டு எந்திரிச்சு வந்துரு.

அடுத்தது இந்தப் பதினஞ்சு நாள் கணக்கு. சொந்த வண்டிக்குப் பழகறவங்களுக்கு 21 நாளுக்குக் கொறையாமச் சொல்லித் தரோணும், 10 மணி நேரமாச்சும் நெசமா ஓட்ட வெக்கோணும்னு அதே விதியில இருக்குது. நம்மாளு என்ன பண்றான்? பதினஞ்சு நாள், தெனம் அரை மணி நேரம்னு சொல்லிக் காசை வாங்கிப்போட்டு, காலையில மூணு பேர ஒட்டுக்கா ஏத்திக்கறான். உன்ற கைக்கு ஸ்டேரிங் வர்றது பத்து நிமிசம். பதினஞ்சு நாளைக்கும் கூட்டிப்பாரு, ரெண்டரை மணி நேரம். அவன் 4,500 வாங்கறான்னு வெச்சுக்க, மணிக்கு 1,800 ஆச்சு. அந்தப் பக்கம் ஒருத்தன் 8,000 சொல்றான், தனியா 10 மணி நேரம் குடுக்கறான்னா மணிக்கு 800. இதுல யாரு மலிவு? எம்.பி.ஏ. படிச்ச நீயே சொல்லு. பேரம் பேசறதுன்னா ரூபாயக் கொறைக்கச் சொல்லாத, பின்சீட்டு ஆளுகளக் கொறைக்கச் சொல்லு. (மொதல் ரெண்டு நாளைக்குப் பின்சீட்டு நல்லதுதான். அடுத்தவ வண்டிய ஆஃப் பண்ணிப்போட்டு முழிக்கறதப் பாத்தா உன்ற பயம் பாதி எறங்கிரும்.)

ஆரு எத்தன மணி நேரம் ஓட்டுனாங்கன்னு ஸ்கூல்ல ஒரு பதிவேடு வெக்கோணும், 15-ஆம் படிவம்னு பேரு. ஒருநாள் அத எட்டிப்பாரு. நீ ஊட்டுல போத்திப் படுத்திருந்த நாள்ல எல்லாம் அந்த நோட்டுல அருமையா ஓட்டியிருப்பே.

இத்தனையும் காசு சமாச்சாரம். உன்ற பயத்துக்கு வேற ஒண்ணு பாக்கோணும். ஸ்கூல் வண்டியில வாத்தியாரு பக்கமும் கிளட்ச்சு, பிரேக்கு இருக்கோணும், அது சட்டம். அந்த ரெண்டு சோடியும் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு பூட்டுனது. வளைவு வருது, நீ காலத் தூக்கி வெக்கறதுக்குள்ளயே உன்ற பெடலு தானா அமுந்தியிருக்கும். 'அட, எனக்கு வந்துருச்சு'ன்னு நீ பூரிச்சுப் போவே. கொஞ்சம் கண்ணத் திருப்பி அந்த மனுசனோட எடது முட்டியப் பாரு. செருப்பக் கழட்டிப்போட்டு, பேண்ட்ட லேசா மேல இழுத்துவிட்டுக்கிட்டு, ஒரு கையில போன்ல யாருகூடயோ பேசிக்கிட்டே முட்டிய மடக்கி நீட்டிக்கிட்டு இருப்பான். இன்னொரு கை வெரலு ரெண்டு உன்ற ஸ்டேரிங்கோட அடிப்பக்கம் இருக்கும். வண்டிய ஓட்டறது அவன். நீ காசு குடுத்து வேடிக்கை பாக்கறே.

கெணத்துல நீச்சப் பழக்கையில முதுகுல சொரப்புருடை கட்டி எறக்குவோம். ஒரு நாளு சொல்லாமக் கொள்ளாம அவுத்து விட்டுருவோம். அவுக்கறவன்தான் வாத்தியாரு. இவனுக நாள் முடியற வரைக்கும் கட்டியே வெச்சிருந்து, கடைசியில கட்டோட ஊட்டுக்கு அனுப்பிருவானுக. அதனால அஞ்சாறு நாள் போனதுக்கப்பறம், காலி ரோடாப் பாத்து, 'அண்ணா, உங்க ரெண்டு காலையும் பின்னால இழுத்துக்குங்க'ன்னு சொல்லு. கோவிச்சுக்கிட்டான்னா அவனுக்கு உன்ற ஓட்டு மேல நம்பிக்கை இல்ல, அவனோட பழக்கு மேலயும் இல்ல.

கத்தற வாத்தியாரப் பாத்துத்தான் நீ பயப்படறே. கத்தறவன ரெண்டாம் நாளே மாத்திப்போடலாம், அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. எனக்குப் பயமெல்லாம் தேனாப் பேசறவன் மேலதான். காந்திபுரம் சிக்னல்ல வண்டி ஆஃப் ஆயிருச்சு, பின்னால டவுன் பஸ்ஸுக்காரன் ஆரன வெச்சு அமுத்தறான்னு வெச்சுக்க. 'விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்'னு எட்டி சாவியத் திருப்பறான் பாரு, அவன்தான் உனக்கு ஆகாதவன். உனக்கு அவனத்தான் நெம்பப் புடிக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நல்ல வாத்தியாரு சன்னல்ல கைய நீட்டி பஸ்ஸுக்காரன 'இருப்பா'ன்னு நிறுத்திப்போட்டு, 'கிளட்ச்ச அமுத்துங்க, நியூட்ரல் போடுங்க, இப்பச் சாவி'ன்னு ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பான். அந்தச் சும்மாவுக்குத்தான் காசு.

அவன எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு கேப்பே. போர்டப் பாத்துப் போகாத. சைட்டு பிரிச்சுப் போட்டு ஊடு கட்டாமக் கெடக்கற லேஅவுட்டுக்கு வெடியால ஆறு மணிக்குப் போ. எல் போர்டு வண்டிக வரிசையா ஊந்துக்கிட்டு இருக்கும். எறங்கி வர்ற புள்ளைககிட்டப் பேச்சுக் குடு. இன்னிக்கு எத்தன தடவை ஆஃப் பண்ணுனேன்னு கேளு. ஒருக்காக்கூட இல்லீங்கன்னு சொன்னா அந்த வண்டிக்குப் போகாத, அங்க முட்டிதான் ஓட்டுது. பொம்பளைப் புள்ளைக வாத்தியாரா இருக்கற ஸ்கூலும் உண்டு, விசாரி. புடிச்சுப்போனா மொதல்ல பாதிக் காசு மட்டும் குடு.

ஹெச் போடறதுக்கு ஒரு தந்திரம் சொல்லித் தருவானுக. 'மூணாவது கம்பு கண்ணாடியில தெரிஞ்சதும் முழுசா ஒடிங்க'ன்னு. டெஸ்ட்டுல தேறிருவே. அப்பறம் கல்யாண மண்டபத்துல வண்டிய நிறுத்தப் போனா, அங்க ஆரு கம்பு நட்டு வெச்சிருப்பா? பின்னால திரும்பிப் பாத்து ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தரச் சொல்லு. அவசரப்படுத்துனா, எல்.எல்.ஆர். 6 மாசம் செல்லும், 30 நாள் ஆகாம டெஸ்ட்டே கெடையாதுன்னு அவனுக்கே பாடம் சொல்லு. தவறிப்போனாலும் 7 நாள் கழிச்சு மறுக்காப் போலாம். ஒரு 300 ரூபா, உனக்கு ஒண்ணரைக் காப்பி.

உங்க மாமன் ஓசியிலயே பழக்கி உடறேன்னு நிக்கறானாமா? லைசென்ஸு இருக்கறவன் பக்கத்துல உக்காந்து எல் போர்டு மாட்டிக்கிட்டாச் சட்டம் உடும். ஆனா அவன் வண்டியில அந்தப் பக்கம் பெடலு இல்ல, வாயி மட்டுந்தான் இருக்குது. பம்பருல ஒரு கீறல் உழுந்தா தீவாளிச் சீரு வரைக்கும் பேசுவான். லைசென்ஸ் வாங்கிப்போட்டு அவனப் பக்கத்துல ஏத்திக்கிட்டு அவினாசி ரோட்டுல ஒரு நடை போயிட்டு வா. இல்லாத பிரேக்கப் போட்டு மிதிச்சுக்கிட்டே வருவான் பாரு, அன்னிக்குப் பின்சீட்டு மட்டும் எனக்கு.