முதலில் பெயர் சொல்பவர் தோற்பார்

ஜாஸ் இசையில் ஈடுபாடுள்ள இருவர் சந்தித்துத் தத்தமக்குப் பிடித்த கலைஞர்களின் பெயர்களைப் பரிமாறிக்கொள்வது வெளிப்பார்வைக்கு நட்புரையாடலாகத் தோன்றினாலும், முதலில் வாய் திறந்தவர் தோற்றே தீரும்படி விதிகள் அமைந்த ஒரு பந்தயமே அது என்பதைக் கூர்ந்து நோக்குவோர் உணர்வர். ஒருவர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரைச் சொன்னால் மற்றவர் அதை மறுப்பதில்லை. பெரிய மனதோடு தலையசைத்துவிட்டு, ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆசானாக விளங்கிய கிங் ஆலிவரின் 1923ஆம் ஆண்டு இசைத்தட்டுகளைக் கேட்டதுண்டா என்று மட்டும் வினவுவார். அவை ஒலிவாங்கி வழக்குக்கு வருவதற்கு முன், குழுவினர் அனைவரும் ஒரு கூம்புக் குழாயின் எதிரே நின்று வாசித்துப் பதிந்தவை ஆதலால், இசைக்கு நிகராக முள் உரசும் ஓசையும் அவற்றில் கேட்கும். அந்த உரசலையும் ஒரு பக்கவாத்தியமாக ஏற்று ரசிக்கத் தெரிந்தவரே பழம்பாணி ரசிகர் என்னும் பட்டத்துக்கு உரியவராவார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே உருப்பெற்ற ஜாஸ், கர்நாடக இசையார் மனோதர்மம் என்று வழங்கும் உடனடிக் கற்பனையை உயிராகக் கொண்டது. ஒரே கலைஞர் ஒரே பாடலை ஒரே பிற்பகலில் மும்முறை வாசித்தால் மூன்றும் வேறுவேறாக அமையும் என்பது இக்கலையின் பெருமை; அவற்றுள் வெளியிடாமல் ஒதுக்கப்பட்டதே உயர்ந்தது என்று நள்ளிரவு வரை வாதிட முடியும் என்பது இதன் ரசிகர்களின் பெருமை.

ஆலிவரின் பெயருக்கு மேலான சீட்டு ஒன்று தேவைப்படுமாயின், நியூ ஆர்லியன்ஸின் கார்னெட் மன்னராக அவருக்கு முன் கொண்டாடப்பட்ட ஃப்ரெடி கெப்பார்டை இறக்கலாம். கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் இனத்தைச் சேர்ந்த, சற்றுக் குட்டையான ஊதுகருவி. தம் விரல் நகர்வைப் பிறர் கண்டு திருடிவிடுவர் என்று அஞ்சிக் கையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வாசித்த கெப்பார்ட், அதே அச்சத்தால் இசைத்தட்டு வாய்ப்பையும் மறுத்தார் என்றும், அதனாலேயே 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டை வெளியிட்ட புகழ் ஒரு வெள்ளையர் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் சொல்லப்படுகிறது. எனினும் வெல்ல முடியாத சீட்டு பட்டி போல்டன் என்னும் பெயரே. 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வெளியே வராமலே 1931இல் இறந்த அவருடைய வாசிப்பு பல மைல்களுக்கு அப்பாலும் கேட்டதாக அக்காலத்தவர் சொல்லிவைத்துள்ளனர். இசைத்தட்டு வரை மட்டும் அது எட்டவில்லை. அவருடைய பதிவு ஒன்றுகூட இன்று கிடைக்காத நிலையில், போல்டனே தமக்கு மிகவும் பிடித்தவர் என்று ஒருவர் அறிவித்துவிட்டால் அதற்கு மறுப்புரைக்க உலகில் எவராலும் இயலாது.

இவ்வரிசையில் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மோர்ட்டனைத் தனியே குறிப்பிட வேண்டும். 1902இல் ஜாஸைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் 1938இல் எழுதி அறிவித்தார். அவர் பிறந்தது 1890இல் என்று கொள்ளும் ஆய்வாளர்களின் கணக்குப்படி அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. பல்லில் வைரம் பதித்திருந்தவர் வாயிலிருந்து எளிய செய்தி வருமென்று எதிர்பார்ப்பதும் முறையன்று. தவிர, அவர் வாசிப்பைக் கேட்டபின் அந்தக் கோரிக்கையில் பாதியையாவது கொடுத்துவிடலாம் என்றே தோன்றும்.

1940களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் என்னும் புதிய பாணியை, அதாவது ஆடுவதற்கு இடமளிக்காத வேகமும் சிக்கலும் கொண்ட ஜாஸை, முன்வைத்தபோது ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். பழம்பாணியினரைப் புதியவர்கள் பூஞ்சை பிடித்த அத்திப்பழங்கள் என்று அழைத்தனர். அத்திப்பழங்களோ மனம் தளராமல், லூசியானாவில் மறக்கப்பட்டுக் கிடந்த பங்க் ஜான்சன் என்னும் முதிய ட்ரம்பெட் கலைஞரைத் தேடிப் பிடித்து, பற்கள் விழுந்துவிட்டமையால் ஊத இயலாதிருந்த அவருக்குப் பல்செட்டு கட்டிக் கொடுத்து, 1942இல் இசைத்தட்டும் வெளிவரச் செய்தனர். கொள்கைக்காக உண்டியல் குலுக்கிய கட்சிகள் வரலாற்றில் பல உண்டு. பல்செட்டு செய்வித்த கட்சி இது ஒன்றாகவே இருக்கக்கூடும்.

சமகாலக் கலைஞர்களைக் கொண்டாடுவோரின் இடர்ப்பாடு வேறு வகையானது. காமாசி வாஷிங்டன் 2015இல் வெளியிட்ட ‘தி எபிக்’ மூன்று தட்டுகளில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவதால், அதைப் பாராட்டுவோரிடம் மூன்றாம் தட்டைப் பற்றி வினவுவது நாகரிகமன்று. 2011இல் கிராமியின் சிறந்த புதுக்கலைஞர் விருதில் பாஸ் வாசிக்கும் பாடகி எஸ்பரான்சா ஸ்பால்டிங், பாப் பாடகர் ஜஸ்டின் பீபரை வென்றபோது பீபரின் ரசிகர்கள் கொதித்தெழுந்தது இயல்பே. நுட்பமான துயரம் ஜாஸ் ரசிகர்களுக்கே வாய்த்தது: தங்கள் சிறு வட்டத்துக்குள் பொத்திவைத்திருந்த ஒரு பெயர் ஒரே இரவில் பள்ளிச் சிறார்களுக்கும் தெரிந்துவிட்டது.

தமிழ் ரசிகர்களுக்கு இப்பந்தயத்தில் ஒரு தனிச்சலுகை உண்டு. தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் 1971இல் பிறந்த விஜய் ஐயர், யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று, முனைவர் பட்டமும் பெற்று, இன்றைய ஜாஸ் பியானோவின் முன்னணிக் கலைஞராக விளங்குகிறார். படிப்பை முடித்துவிட்டு எதையாவது வாசித்துக்கொள் என்னும் குடும்ப மரபுக்கு இவ்வளவு ஒலிநயமான விளைவு கிட்டும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இக்கட்டுரையாசிரியரின் தெரிவு எது எனக் கேட்கப்படுமாயின், பழையவருள் ஃபேட்ஸ் வாலர் என்பதே விடை. இடக்கை அடிச்சுரத்துக்கும் நடுச்சுரக் கொத்துக்கும் இடையே ஓயாது தாவும் ஸ்ட்ரைட் பாணியில் பியானோ வாசித்தபடியே, தாம் பாடும் காதல் பாட்டைத் தாமே கிண்டல் செய்யவும் அவரால் இயன்றது. புதியவருள் பியானோ கலைஞர் ஜேசன் மோரன். காகிதக் கூழால் செய்த வாலரின் பெருந்தலை முகமூடியை அணிந்துகொண்டு, வாலரின் பாடல்களை இன்றைய தாளத்தில் வாசித்து மக்களை ஆடவைத்தவர் அவர். அந்த அரங்கில் அத்திப்பழங்களுக்கு முகமூடியும் நவீனர்களுக்குத் தாளமும் ஆட்சேபத்துக்கு உரியனவாக இருந்திருக்கலாம். ஆயினும் ஆடிக்கொண்டிருப்பவரை நிறுத்தி இதைவிடப் பழைய பதிவைக் கேட்டதுண்டா என்று வினவும் அளவுக்கு மூச்சு இரு தரப்பிலும் எவரிடமும் மிஞ்சியிராது.