மார்ஜரி அம்மாளோடு எருசலேம் போனவர்கள்

1413இல் இங்கிலாந்தின் யார்மத் துறைமுகத்திலிருந்து ஒரு யாத்திரைக் குழு எருசலேமுக்குப் புறப்பட்டது. கடல், காய்ச்சல், கொள்ளைக்காரன் என்று எல்லாவற்றுக்கும் துணிந்தே கிளம்பியிருப்பார்கள். மார்ஜரி கெம்ப்பை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மாளுக்கு அப்போது வயது 40 இருக்கும். லின் நகரத்துக்காரர், 14 பிள்ளை பெற்றவர். மது காய்ச்சும் தொழில் தொடங்கினார், நுரை நிற்காமல் நொடித்தது. மாவு ஆலை வைத்தார், ஆலைக் குதிரை முன்னால் இழுக்காமல் பின்னால் நடந்தது. இரண்டையும் மூடிவிட்டு முழுநேரப் பக்தியில் இறங்கினார். கணவர் ஜானோடு நடந்த பேரம் தனிக்கதை. நீர் என்னைத் தொடக் கூடாது, உம் கடனை நான் அடைக்கிறேன் என்றார் அம்மாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டு என்னோடு சாப்பிட உட்கார வேண்டும் என்றார் ஜான். அம்மாள் வயலோரச் சிலுவையடியில் மண்டியிட்டு ஆண்டவரிடம் கேட்டார். பேரத்தில் விட்டுக்கொடுக்க உனக்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் விரதமே இருக்கச் சொன்னேன் என்று பதில் வந்ததாம். லின் வியாபாரிகளை ஆண்டவர் நன்றாகத்தான் புரிந்து வைத்திருந்தார்.

வழியில் அம்மாள் இறைச்சி தொடவில்லை. மேசையில் உட்கார்ந்தால் வேதப் பேச்சு, எழுந்தால் அழுகை. குழு பொறுத்துப் பார்த்தது. பிறகு அவருடைய அங்கியை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டி, சாக்குத் துணியை மாட்டி, கோமாளி மாதிரி பந்தியின் கடைசியில் உட்கார வைத்தது. கான்ஸ்டன்ஸ் நகரில் பாப்பரசரின் தூதரிடம் புகாரும் போனது: இந்த அம்மாள் கறி தின்ன வேண்டும், அழக் கூடாது, வேதம் பேசக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். தூதர் அம்மாள் பக்கம் சாய்ந்துவிட்டார். நீரே வைத்துக்கொள்ளும் என்று குழு அவரிடமே அம்மாளை ஒப்படைத்துக் கிளம்பியது. போகிற போக்கில் அம்மாளின் பணத்தில் 16 பவுனும் வேலைக்காரியும் அவர்களோடு போய்விட்டன.

வில்லியம் வீவர் என்ற வெண்தாடிக் கிழவர் துணைக்குக் கிடைத்தார். குழு பொலோனா வந்து சேர்ந்தபோது அம்மாள் அங்கே முன்னதாகவே வந்து காத்திருந்தார்! பாவம், அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். வேதம் பேசாமல் எங்களைப் போலச் சிரித்துப் பேசி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். வெனிஸில் ஒருநாள் சாப்பிடும்போது அம்மாள் வாய் தவறி நற்செய்தியிலிருந்து ஒன்றை எடுத்துவிட, ஒப்பந்தம் முறிந்தது. ஆறு வாரம் அறையில் தனிச்சாப்பாடு.

கப்பலிலும் சமாதானமில்லை. குழுவிலிருந்த பாதிரியார் ஒருவர் அம்மாளின் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு, அது தன்னுடையது என்றார். கேட்ட அம்மாளைப் பொய்க்காரி என்று கையிலிருந்த புத்தகத்தின்மேல் சத்தியம் பண்ணினார். புண்ணிய பூமி நெருங்க நெருங்க மனிதர்கள் இப்படித்தான் மேம்பட்டார்கள்.

எருசலேம் கண்ணில் பட்டதும் பரவசத்தில் அம்மாள் கழுதையிலிருந்து சரியப் பார்த்தார். நோய் என்று நினைத்த ஜெர்மானிய யாத்திரிகர் ஒருவர் வாயில் மசாலாப் பொருளைத் திணித்தார். கல்வாரியில் அம்மாள் கைகளை விரித்து விழுந்து ஓலமிட்டார். அந்த ஓலம் பல வருடம் ஓயவில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரே நாளில் 14 தடவை வந்ததும் உண்டு. எரிகோ அருகே, இயேசு 40 நாள் நோன்பிருந்ததாகச் சொல்லும் மலையில் ஏற முடியாமல் அம்மாள் கை நீட்டியபோது, எங்களையே தூக்க ஆளில்லை என்று குழு நழுவியது. வழியே வந்த ஒரு முஸ்லிம், சின்ன வெள்ளிக்காசு ஒன்றுக்கு அவரைக் கைத்தாங்கலாக உச்சியில் சேர்த்தார். திரும்பி வெனிஸ் வந்ததும், நூறு பவுன் கொடுத்தாலும் இனி உன்னோடு வரமாட்டோம் என்று குழு கும்பிடு போட்டது.

இதெல்லாம் 1430களில் அம்மாளே சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய புத்தகத்தில் உள்ளவை. முழுப் பிரதி 1934இல்தான் அடையாளம் காணப்பட்டது. குழுவின் தரப்பு நமக்குக் கிடைக்கவில்லை. 16 பவுன் விஷயம் திருட்டுதான், மன்னிப்பில்லை. ஆனால் எருசலேம் வரை அதே பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்ற முறையில், மற்றதற்கெல்லாம் என் ஓட்டு குழுவுக்கே.

1417இல் அம்மாள் பிரிஸ்டலிலிருந்து சந்தியாகோ யாத்திரைக்குக் கப்பலேறினார். புயல் வந்தால் உன்னைத்தான் முதலில் கடலில் போடுவோம் என்று உடன் வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். புயல் வரவில்லை, ஏழே நாளில் கப்பல் போய்ச் சேர்ந்தது.