பெயரில் ஒரு பிழை

டைம்ஷீட் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் ஐ.டி. கம்பெனியில் ஆளே கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு க்ளையன்ட் கால் முடித்து கேப் ஏறினாலும் ஒன்பது மணி நேரம் என்றுதான் போடுவேன். கூட்டிப் போட்டால் மேனேஜர் முகம் சுருங்கும். மிச்சமெல்லாம் கம்பெனிக்குத் தானம். ரசீதாவது வாங்கியிருந்தால் 80ஜி-யில் காட்டியிருக்கலாம்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும் என்றபோது கேன்டீனே கொதித்தது. பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி என்று நான் ஒருத்தன்தான் வாதாடினேன். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரத்துக்கே போய்விட்டார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். அதற்கும் தலையாட்டியிருப்பேன், மனைவி பக்கத்தில் இருந்தார்.

ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு சொல்லிவிட்டது. ஆள் சேர்க்க வந்த நண்பனிடம், "அதெல்லாம் பஸ் டிப்போக்காரங்களுக்குப்பா" என்றேன். கழுத்தில் டேக் தொங்கினால் வருகிற மிதப்பு இருக்கிறதே, அது தனி. ஆனால், எதிலுமே சேராதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. ஆபீஸ் பேட்மின்டன் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தேன்.

ஒருநாள் காலண்டரில் 'க்விக் கனெக்ட்' என்று ஒரு மீட்டிங் வந்து விழுந்தது. ப்ரமோஷன்தான் என்று சட்டையை டக்-இன் பண்ணிக்கொண்டு போனேன். மேஜைமேல் ஒரு கவர், பக்கத்தில் டிஷ்யூ பெட்டி. ஹெச்.ஆர். பெண் தேனாகப் பேசினார்: "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வரும் சார். இல்லேன்னா டெர்மினேஷன்."

லெட்டரை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேனாம். என் பெயரில் மட்டும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சும்மா விடுவேனா? சுட்டிக்காட்டி, திருத்தி வேறு ப்ரின்ட் எடுக்கச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். விட்டிருந்தால் வேறு எவனோ ஒருத்தனுக்கு வேலை போயிருக்கும்.

வக்கீல் நண்பரிடம் போனது எல்லாம் முடிந்த பிறகு. அப்போது நடப்பிலிருந்த 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, நான் 'ஒர்க்மேன்'தான் என்று நிறுவியிருந்தால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கேட்டிருக்கலாமாம். தானே எழுதிக் கொடுத்தவனுக்கு அது கிடையாது. "போகட்டும், ராப்பகலா உழைச்சதுக்காவது ஆதாரம் இருக்கா?" என்றார். டைம்ஷீட்டைக் காட்டினேன். "கரெக்டா ஆறு மணிக்கு வீட்டுக்குப் போற ஆளா நீங்க?" என்றார்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் என் மாதிரி நடுவயசு நடுமட்ட ஆட்கள். லிங்க்டுஇன் முழுக்க, வேலை தேடுகிறேன் என்று சொல்லும் பச்சை வளையம். அதில் நான் சீனியர். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஹெச்.ஆர். பெண்ணிடமிருந்து மெசேஜ்: "சார், எங்கேயாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்களேன்."

என் பெயரை இந்தத் தடவை சரியாக அடித்திருந்தார்.