அபராதம் பாக்கி

புதுநன்மை வாங்கப் போகிற ஒன்பது வயதுப் பிள்ளையை நிறுத்திக் கேளுங்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது, கடைசியாக அவர் விதித்த அபராதத்தைத் தீர்ப்பது. பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்த பிள்ளைக்கே இந்த ஐந்தும் கட்டாயம். நானூறு ஆண்டுகளாகத் தன் மக்களில் ஒரு பகுதியை வாசலோரம் உட்கார வைத்த திருச்சபைக்கு மட்டும் சலுகை. அது எப்போதாவது பெருமூச்சு விட்டால் போதும், கணக்கு தீர்ந்தது.

அடுத்தவர் ஆத்துமாவைச் சோதிப்பதில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிறிஸ்தவர்களான நமக்கு இணை கிடையாது. 2022 டிசம்பர் கடைசியில் வேங்கைவயல் தலித் மக்களின் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தி வந்ததும் கொதித்தோம். கொதிக்க வேண்டிய விஷயம்தான். அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களை அழைத்துச் சென்றபோது கைதட்டினோம். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது தெரிந்ததும் ‘இந்தக் காலத்திலுமா!’ என்று வாயைப் பிளந்தோம். பிளந்த வாயை மூடாமலே ஞாயிற்றுப் பூசைக்குப் போய் நற்கருணையும் வாங்கிக்கொண்டோம். எந்தப் பக்கத்து வரிசையில் நின்று வாங்கினோம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இறையூர் தெரிந்த நமக்கு எறையூர் தெரியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அங்கே கோயிலுக்குள் பாகுபாடு, சாவுக்குப் போகும் பாதையிலும் பாகுபாடு என்று நொந்துபோன தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் வன்னியக் கத்தோலிக்கர்கள் அவர்கள் மேல் பாய்ந்தார்கள். வீடுகள் நொறுங்கின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் செத்தார்கள். இரு தரப்பும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். கையிலிருந்ததும் ஒரே ஜெபமாலை. தவக்காலம் வேறு நடந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் விசுவாசிகளிடம் தயாராக நான்கு பதில்கள் இருக்கின்றன. மந்திரம் மறந்தவர்கூட இவற்றை மறப்பதில்லை.

முதல் பதில், ‘அது வெள்ளைக்காரச் சாமியார்கள் செய்தது.’ பாதி உண்மை. 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி மேல்சாதிக்காரருக்காகத் தனி மிஷன் நடத்தினார். பூணூலும் குடுமியும் இருக்கலாம் என்று 1623-ல் ரோமாபுரி அனுமதி தந்தது. கீழே தள்ளப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்ற தனி வகைச் சாமியார்கள் வந்தார்கள். பறையர் வீட்டு நோயாளியைச் சாமியார் வீட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று பாப்புவின் தூதர் துர்னோன் 1704-ல் புதுச்சேரியில் கட்டளையிட்டார். நாற்பது ஆண்டு வழக்காடிய பிறகு, 1744-ல், அதற்கு ஒரு வழி பிறந்தது. பறையர்களுக்கென்றே வேறு குருக்களை ஒதுக்கிவிடுவது! கட்டளையையும் மீறவில்லை, தீட்டும் படவில்லை. இப்படி ஒரு சமாதானத்தைக் கண்டுபிடிக்கப் பரிசுத்த ஆவி இறங்கி வர வேண்டியதில்லை, ஊர்ப் பஞ்சாயத்தே போதும்.

மீதிப் பாதி உண்மையைச் சொல்லும்போதுதான் நம் தொண்டை அடைக்கிறது. வடக்கன்குளத்தில் 1872-ல் வெள்ளாளருக்கு ஒரு கை, நாடாருக்கு ஒரு கை என்று கால்சட்டைபோல இரண்டாகப் பிரியும் கோயிலைக் கட்டினார்கள். பீடம் மட்டும் ஒன்று. 1910-ல் நடுச்சுவரை இடித்தவர் கௌசானல் என்ற வெள்ளைக்காரச் சாமியார். சுவர் வேண்டும் என்று நீதிமன்றம் போனவர்கள் நம்மவர்கள். சாதியைக் காட்டிக் கோயிலில் தனி இடம் கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் ஓய்ந்தார்கள். வேதம் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக்கார அரசின் நீதிமன்றம் வந்து மத்தேயுவுக்கு விளக்கம் சொல்லிப் போனது. சீர்திருத்த சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். சாதியை விட்டே ஆக வேண்டும் என்று ஆயர் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை விட்டபோது, சாதியை விடாமல் சபையை விட்டவர்கள் உங்கள் முன்னோர்கள்.

இரண்டாவது பதில், ‘அந்தக் காலம் அப்படி.’ சரி, அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று ஒரு தேதி சொல்லுங்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் சுவரின் படத்தைப் பத்திரிகைகளில் பார்க்காத கத்தோலிக்கர் குறைவு. கும்பகோணம் மறைமாவட்டத்துக் கொட்டப்பாளையத்தில் திருவிழா வரியைத் தங்களிடம் வாங்க மறுக்கிறார்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் உயர் நீதிமன்றம் போய், அங்கே மனு தள்ளுபடியாகி, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதாயிற்று. வரி கட்ட மாட்டேன் என்று வழக்காடும் நாட்டில், வரியை வாங்கிக்கொள்ளச் சொல்லி வழக்காடுகிறவர்கள் இவர்கள்தான். காணிக்கைத் தட்டில் விழுகிற எந்த நோட்டுக்கும் சாதி கிடையாது, வரி ரசீதுக்கு மட்டும் உண்டு.

மூன்றாவது பதில்தான் கெட்டிக்காரத்தனமானது. ‘வெளியே பேசினால் மதவாதிகளின் வாய்க்கு அவல்.’ ஆமாம், மெல்லத்தான் செய்வார்கள். ஆனால் அந்த அவலை நெல்லாகக் கொட்டி, ஊறவைத்து, வறுத்து, இடித்துக் குவித்தது யார்? நாம் குவித்ததை அவர்கள் மெல்லுகிறார்கள் என்று கோபப்படுகிறோம். குவித்ததற்கு ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. மதவாதி பார்க்கிறான் என்பதற்காக மூடி வைத்த பாவத்தைக் கடவுளும் பார்க்க மாட்டார் என்று நம்புகிறோம் போல.

நான்காவது பதில், ‘மன்னித்து மறப்போம்.’ இதைச் சொல்வது எப்போதும் அடித்த கைதான், அடிபட்ட முதுகு அல்ல. மன்னிப்பு கேட்காமலே மன்னிப்பு கொடுக்கச் சொல்லும் இந்த வித்தை எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் இல்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கிவைத்த 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கு என்கிறோம். நூற்றுக்கு நூறு நியாயமான கோரிக்கை. தமிழ்நாடு சட்டப்பேரவையும் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ‘மதம் மாறினாலும் சாதி போகவில்லை, எசமான்’ என்று டெல்லியிடம் முறையிடுகிறோம். ஆதாரம் எங்கே என்று டெல்லி கேட்டால் ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டாம், கல்லறைச் சுவரைக் காட்டினால் போதும். கறுப்புக் கொடியை நட்டு வைக்கவும் அதே சுவர்தான் வசதி.

இன்னொன்றும் கவனியுங்கள். இறையூரில் ஆட்சியர் வந்தார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கூடவே வந்தது. பட்டியலில் இல்லாத தலித் கிறிஸ்தவருக்கு அந்தச் சட்டத்தின் காவல் கிடையாது. அவருக்கு இருக்கும் ஒரே காவல் சக கிறிஸ்தவரின் மனசாட்சி. அந்தக் காவலர் எந்நேரமும் விடுப்பில்.

பாவத்தைச் சொல்லவேயில்லை என்று திருச்சபையைக் குறைகூற முடியாது. சாதி பார்ப்பது கிறிஸ்தவத்துக்கே எதிரானது என்று 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால் நேருக்கு நேராகச் சொன்னார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022-ல் ஒரு தலித் ஆயர் முதன்முதலாகக் கர்தினால் ஆனார். நல்லது. ஐந்து காரியங்களில் நான்காவது வரை வந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாவதுதான் பாக்கி. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் வதைத்ததற்காக 2022-ல் பாப்பு பிரான்சிஸ் நேரில் போய் மன்னிப்பு கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டே அந்நாட்டு ஆயர்கள் 3 கோடி டாலர் தருவதாக வாக்களித்திருந்தார்கள். அதுவும் போதாது என்று பூர்வகுடிகள் சொன்னார்கள். இங்கே போதுமா போதாதா என்று பேச ஒரு தொகையாவது மேசைக்கு வந்ததா?

ஆயர்களைத் திட்டியாயிற்று, நம் வேலை முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள். ஆவூர் பெரியநாயகி மாதா கோயிலில் பாஸ்கா நாடகம் நடக்கும்போது பிலாத்து கைகழுவுகிறான். அவனைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற கூட்டத்தில்தான் நாமும் இருக்கிறோம். திருவிழாவுக்குக் கமிட்டி போடும்போது ‘நாமே திருச்சபை’ என்கிறோம். சுவர் பேச்சு வந்ததும் ‘ஆயர் இல்லம் பார்த்துக்கொள்ளும்’ என்கிறோம். அந்தச் சுவர்களை ஆயர் கொத்தனார் வேலை பார்த்தா கட்டினார்? நம் தாத்தாக்கள் வரிபோட்டுக் கட்டினார்கள். இன்றும் சுண்ணாம்பு அடிக்கிற காசு நம்முடையது.

ஆகவே அபராதமும் நம்முடையதுதான். தலித் தெருவுக்குள் போகாத சப்பரத்துக்குத் தோள் கொடுக்காதீர்கள். ஒருவரிடம் வரி வாங்க மறுக்கிற கமிட்டிக்கு நீங்களும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பங்குப் பேரவையில் யார் இல்லை என்று எழுந்து கேளுங்கள், பதில் வரும்வரை உட்காராதீர்கள். கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரி வேலைகளில் தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டுக் கோயில் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். நம் வீட்டுச் சாவு வரும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் குழி வெட்டச் சொல்லுங்கள். மேல்சாதிக் கத்தோலிக்கர் பத்துப் பேர் அந்தப் பக்கம் புதைக்கப்பட்டால் சுவருக்கு என்ன வேலை?

நவம்பர் 2 வருகிறது. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டம் போவோம். அங்கே வேகிற ஆத்துமாக்களுக்கு நடுவிலும் சம்மனசுகள் சுவர் எழுப்பியிருப்பதாக நம்புகிறவர்கள் மெழுகுவர்த்தியை மட்டும் எடுத்துப் போங்கள். நம்பாதவர்கள் கடப்பாரையும் கொண்டு வாருங்கள்.